கணினிப் பலகைக் கிட்: வாங்குவது முதல் உயிர் கொடுப்பது வரை

ஒரு முழுக் கணினியை உதிரிகளிலிருந்து தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு இன்றும் கிட் கிடைக்கிறது. அச்சிட்ட சர்க்யூட் போர்டு ஒன்று, அதில் பொருத்த வேண்டிய ஐசிகள் (சிலிக்கான் சில்லுகள்), ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், ஐசிகளைச் செருகும் சாக்கெட்டுகள் ஆகியவை சிறு சிறு பைகளில் வரும். மீதி வேலை நம்முடையது. 1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 கணினி ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டையில் வெளிவந்தபோதும் பெரும்பாலோர் அதைக் கிட்டாகவே வாங்கிக் கட்டினார்கள். இப்போது இத்தகைய கிட்களை விற்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் மிகச் சிறிய நிறுவனங்கள். பலகையை வடிவமைத்தவரே பைகளில் உதிரிகளை எண்ணிப் போட்டு, அஞ்சலிலும் சேர்க்கிறார். இந்த வணிகத்தின் நன்மை, இடர் இரண்டும் அதிலிருந்தே வருகின்றன. ஆகவே எப்படிச் சால்டர் செய்வது (உலோகக் கம்பியை உருக்கி உதிரிகளைப் பலகையில் பற்றவைப்பது) என்பதற்கு முன்பாக, எதை யாரிடம் எப்படி வாங்குவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புதியவர்கள் கட்டிய பலகைகள் இயங்காமல் போன பல நேரங்களில் தவறு அங்கேதான் நடந்திருக்கிறது.

எந்தக் கிட்டைத் தேர்ந்தெடுப்பது

ஒரே கணினி மூன்று வகையாக விற்கப்படுவதைக் காண்பீர்கள். முதலாவது வெறும் பலகை. உதிரிகள் அனைத்தையும் நாமே தேடி வாங்க வேண்டும். இரண்டாவது, பலகையோடு எளிதில் கிடைக்காத உதிரிகளை மட்டும் சேர்த்துத் தருவது. மூன்றாவது முழுக் கிட். வெறும் பலகை விலை குறைவு என்பதால் புதியவர்கள் அதன் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் முதல் முறை கட்டுபவர் முழுக் கிட் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. முப்பது வகை உதிரிகளைப் பல கடைகளில் தனித்தனியே வாங்கும்போது அஞ்சல் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும். அதைவிட முக்கியமாக, பலகை இயங்காதபோது தவறு நம் கைவேலையிலா, நாம் வாங்கிய உதிரியிலா என்று பிரித்தறிய வழியிருக்காது.

ஐசிகளைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1976 முதல் தயாரிக்கப்பட்டு வந்த இசட்80 செயலியின் 40 கால் வடிவத்துக்கு இறுதி ஆர்டர்களை 2024 ஜூன் மாதத்தோடு நிறுத்துவதாக ஜைலாக் நிறுவனம் அறிவித்தது. எனவே இப்போது சந்தையில் சுற்றுபவை இருப்பில் உள்ள புதியவையும், பழைய பலகைகளிலிருந்து கழற்றியவையும் கலந்தவை. கழற்றிய ஐசியின் மேற்புறத்தைத் தேய்த்து, வேகம் கூடிய வகையின் எண்ணைப் புதிதாக அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. கிட் விற்பவர் தாம் தரும் ஐசிகளைச் சோதித்து அனுப்புகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். 6502 என்ற மற்றொரு செயலியில் அமைந்த கிட் என்றால் இந்தக் கவலை குறைவு. அதன் சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஐசி வகை) வடிவமான 65சி02 செயலியை வெஸ்டர்ன் டிசைன் சென்டர் 40 கால் வடிவில் இன்னும் புதிதாகத் தயாரித்து வருகிறது.

இசட்80, 6502 என்ற இரண்டு குடும்பங்களில் எது நல்லது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. யாருடைய கட்டுமானக் கையேடு உங்களுக்கு நன்றாகப் புரிகிறதோ அவருடைய கிட்டை வாங்குங்கள். இசட்80 வழியில் போக விரும்புபவர்களுக்கு ஆர்சி2014 போன்ற, தனித்தனிச் சிறு அட்டைகளாகப் பிரித்த அமைப்பு வசதியானது. ஓர் அட்டையில் பிழை நேர்ந்தால் அந்த அட்டையோடு அது நின்றுவிடும். முதல் பலகையில் உதிரிகள் அனைத்தும் துளைக்குள் கால் நுழைத்துச் சால்டர் செய்யும் வகையாக இருக்கட்டும். பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு உதிரிகளை இரண்டாவது கிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதற்கு முன்

கட்டுமானக் கையேடு, சர்க்யூட் வரைபடம், உதிரிப் பட்டியல் ஆகிய மூன்றையும் பணம் செலுத்துவதற்கு முன்பே படிக்கக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். நல்ல சிறு விற்பனையாளர்கள் இவற்றை மறைப்பதில்லை. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு முறை படித்துவிட்டுப் பின்வருவனவற்றுக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

நிரல் இருக்க வேண்டிய ரோம் ஐசி ஏற்கெனவே எழுதப்பட்டு வருமா? எழுதாமல் வருமானால் அதற்கென்று ஒரு புரோகிராமர் கருவி வேண்டும். ரோம் பழைய ஈப்ராம் வகையாக இருந்தால் அழித்து எழுதப் புறஊதா விளக்கும் தேவைப்படும். மின்சாரம் எவ்வழியில் தர வேண்டும்? நேரடியாக 5 வோல்ட் கேட்கும் பலகைக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ஐசிகள் அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும். பலகையிலேயே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் இருந்தால் அதற்குக் குறைந்தது 7 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆனால் 12 வோல்ட் கொடுத்து 300 மில்லிஆம்பியர் இழுத்தால் மிச்சமுள்ள 7 வோல்ட் 2 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பமாகி ரெகுலேட்டரைத் தொட முடியாதபடி சுடவைக்கும். உங்கள் வழக்கமான கணினியோடு பலகை பேசும் சீரியல் இணைப்பு எந்த மின்னழுத்தத்தில் இயங்குகிறது? யூஎஸ்பி சீரியல் கேபிள்களில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரண்டு உண்டு. பழைய ஆர்எஸ்232 இணைப்போ பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மேலேயும் பல வோல்ட் வரை ஆடுவது. இடையில் மாற்றி இல்லாமல் அதை நேரே பலகையில் இணைத்தால் சீரியல் ஐசி தாங்காது.

பலகையின் பதிப்பு எண்ணையும் கேளுங்கள். சிறு விற்பனையாளர்கள் ஒரு தொகுதிப் பலகைகள் விற்றுத் தீர்ந்ததும் சிறு திருத்தங்களோடு அடுத்த தொகுதியை அச்சிடுவார்கள். கையேடு சில நேரம் ஒரு பதிப்பு பின்தங்கியிருக்கும். எனக்கு வந்த ஒரு பலகையில் கையேடு சொன்ன ஜம்பர் (இரு புள்ளிகளை இணைக்கும் சிறு செருகி) இல்லவே இல்லை. கேட்டபோது புதிய பதிப்பில் அது நேரடித் தடமாகிவிட்டது என்று மறுநாளே பதில் வந்தது. முன்பே கேட்டிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். தெரிந்த பிழைகளின் பட்டியல் ஒன்றையும் விற்பனையாளர் வைத்திருந்தால் அது நல்ல அறிகுறி. பிழையே இல்லாத பலகை அரிது. பிழையை ஒப்புக்கொண்டு, எந்த இரு புள்ளிகளுக்கு இடையே கம்பி இழுக்க வேண்டும் என்று எழுதி வைப்பவர் நம்பத்தக்கவர்.

அனுப்பும் காலத்தைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பொட்டலம் கட்டுபவர்கள் பலர். இருப்பு தீர்ந்தால் அடுத்த தொகுதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். முன்பதிவு என்று போட்டிருந்தால் எப்போது அனுப்புவார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு நாட்டிலிருந்து வரும் பொட்டலத்துக்குச் சுங்க வரியும், அதை வசூலிக்கும் அஞ்சல் அமைப்பின் கட்டணமும் தனியாக வரலாம். அவை பொருளின் விலையில் சேராதவை. வரியைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதும்படி விற்பனையாளரைக் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கும் புறம்பானது, பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்கே கிடைக்கும். கடிகாரத்துக்கோ நினைவகத்துக்கோ பட்டன் பேட்டரி தேவைப்படும் பலகையானால் அதைத் தனியே வாங்கத் தயாராக இருங்கள். லித்தியம் பேட்டரிக்கு விமான அஞ்சலில் கட்டுப்பாடு இருப்பதால் பலர் அதைச் சேர்ப்பதில்லை.

பொட்டலம் வந்ததும்

முதலில் எண்ணுங்கள். உதிரிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து வரிக்கு வரி குறியிடுங்கள். ஒன்று குறைந்தால் கட்டத் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்பது விற்பனையாளருக்கும் எளிது. கருப்பு நுரையிலோ பளபளப்பான பையிலோ வந்த ஐசிகளை அவற்றிலேயே விட்டுவையுங்கள். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சிமாஸ் ஐசிகளைக் கெடுக்கும். அவை கடைசியில்தான் வெளியே வர வேண்டும்.

ரெசிஸ்டர்களை நிறப்பட்டைகளை மட்டும் பார்த்துப் பிரிக்க வேண்டாம். ஐந்து பட்டை ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு என்று தொடங்கினால் 10 கிலோ ஓம். நான்காவது பட்டை சிவப்புக்குப் பதில் பழுப்பானால் 1 கிலோ ஓம். நீல உடலின்மேல் இந்தச் சிவப்பையும் பழுப்பையும் மஞ்சள் விளக்கொளியில் பிரித்தறிவது கடினம். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் அளந்து, மதிப்பெழுதிய தாளில் குத்தி வையுங்கள். பல ரெசிஸ்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த தொகுப்பு ரெசிஸ்டரும் பல கிட்களில் இருக்கும். அதன் ஒரு முனையில் உள்ள புள்ளிதான் பொதுக் காலைக் காட்டுகிறது; பொதுக் காலிலிருந்து மற்ற எந்தக் காலுக்கும் அளந்தால் ஒரே மதிப்பும், மற்ற இரு கால்களுக்கிடையே அளந்தால் அதன் இரு மடங்கும் வரும். இதைத் திருப்பி வைத்துவிட்டால் கழற்றுவது பெரும்பாடு.

சிறு மஞ்சள் அல்லது நீலக் கெப்பாசிட்டர்களில் 104 என்று அச்சிட்டிருந்தால் அது 100 நானோஃபாரட். ஒவ்வொரு ஐசியின் அருகிலும் ஒன்று இருப்பது அலங்காரத்துக்காக அன்று. ஐசி திடீரென்று மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் அருகிலிருந்து கொடுப்பது அதுதான். ஒன்றிரண்டு குறைந்தாலும் கணினி இயங்குவது போலத் தோன்றிப் பின் காரணமின்றி நிற்கும்.

கருவிகள்

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், சாய்வு வெட்டி, சால்டரை உறிஞ்சியெடுக்கும் செப்புப் பின்னல், பேனா வடிவில் வரும் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பாய உதவும் பொருள்), நல்ல வெளிச்சம், உருப்பெருக்கி ஆகியவை போதும். சால்டர் கம்பி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளதாக இருக்கட்டும். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸைத் தொடவே கூடாது. அது தடங்களை அரித்துவிடும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறைவதால் பழகுபவர்களுக்கு மிக எளிது. காரீயம் இல்லாத கம்பிகள் ஏறத்தாழ 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். காரீயக் கம்பியைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும், எதையும் உண்பதற்கு முன்பும், கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸிலிருந்து வருவது; அதையும் முகர்ந்துகொண்டிருக்காமல் சன்னலைத் திறந்து வையுங்கள்.

சால்டர் செய்வது

அயர்னை 320 முதல் 350 டிகிரி வரை வைத்து, நுனியை ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, சிறிது சால்டர் பூசிக்கொள்ளுங்கள். நுனி, உதிரியின் காலையும் பலகையின் செப்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை, அயர்னின் மேல் வைக்காமல், கால் வளையத்தைச் சந்திக்கும் இடத்தில் நீட்டுங்கள். சூடு ஏறியிருந்தால் சால்டர் தானே பாய்ந்து காலைச் சுற்றிக்கொள்ளும். முதலில் கம்பியையும் பிறகு அயர்னையும் எடுங்கள். எல்லாம் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். சரியான இணைப்பு, அடி அகன்று மேலே குறுகிய எரிமலை வடிவில் இருக்கும். உருண்டையாகக் காலின்மேல் உட்கார்ந்திருந்தால் வளையம் சூடாகவில்லை என்று பொருள். சிறிது ஃப்ளக்ஸ் தடவி மீண்டும் சூடாக்கினால் போதும். தரைத் தளத்தோடு (மின்சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் செப்புப் பரப்பு) இணைந்த கால்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவற்றுக்கு இன்னும் இரண்டு நொடி கொடுக்கலாம்.

உயரம் குறைந்தவற்றிலிருந்து தொடங்கி உயரமானவற்றுக்குப் போவது வழக்கம்: முதலில் ரெசிஸ்டர்களும் டயோடுகளும், பின் ஐசி சாக்கெட்டுகள், சிறு கெப்பாசிட்டர்கள், கிரிஸ்டல், எல்இடி, கடைசியில் மின்பகுளிக் கெப்பாசிட்டர்களும் இணைப்பிகளும். பலகையைக் கவிழ்க்கும்போது உதிரிகள் மேசையின் மேல் படிந்து நிற்கும் என்பதே இதற்குக் காரணம்.

திசையுள்ள உதிரிகளில் நிதானம் வேண்டும். டயோடின் பட்டை பலகையில் அச்சிட்ட பட்டையோடு பொருந்த வேண்டும். எல்இடியின் நீண்ட கால் நேர்மின் பக்கம். உடலின் தட்டையான ஓரம் எதிர்மின் பக்கம். உருளை வடிவ மின்பகுளிக் கெப்பாசிட்டரின் உடலில் உள்ள கோடு எதிர்மின் காலைக் காட்டும்; ஆனால் துளி போன்ற டான்டலம் கெப்பாசிட்டரில் குறியிட்ட கால் நேர்மின். இந்த முரண்பாட்டால் பலர் டான்டலத்தைத் திருப்பி வைத்து, அது தீப்பிடித்ததைக் கண்டிருக்கிறார்கள்.

சாக்கெட்டை வைக்கும்போது மூலைக்கு மூலை எதிரெதிரான இரண்டு கால்களை மட்டும் முதலில் சால்டர் செய்யுங்கள். பலகையோடு படிந்திருக்கிறதா என்று பார்த்து, தூக்கியிருந்தால் அந்தக் காலைச் சூடாக்கி அழுத்துங்கள். பிறகு மீதிக் கால்கள். ஒரு சாக்கெட்டின் வெட்டுக்குறி தலைகீழாக அமைந்துவிட்டதைப் பின்னர் கண்டால் அதைக் கழற்ற முற்பட வேண்டாம். சாக்கெட்டுக்கு மின்னியல் ரீதியாகத் திசை கிடையாது. சரியான பக்கத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஐசியைப் பலகையின் அச்சுக்குப் பொருந்தச் செருகினால் போதும். நாற்பது கால்களையும் உருவியெடுக்க முயன்றால் செப்பு வளையங்கள் பிய்ந்துவிடும்.

ஒரு சாக்கெட் முடிந்ததும் அதன் கால்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். என் முதல் பலகையில் திரையில் ஓர் எழுத்தும் வராமல் இரண்டு மாலைகள் தேடினேன். செயலியின் சாக்கெட்டில் ஒரே ஒரு காலுக்குச் சால்டரே படவில்லை. அழுத்திப் பிடித்தால் இயங்கியது, விட்டால் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரிசையையும் உருப்பெருக்கி வைத்து எண்ணாமல் அடுத்த உதிரியை எடுப்பதில்லை.

மின்சாரம் கொடுக்கும் முன்னும் பின்னும்

ஐசிகள் எதையும் செருகாமல், மல்டிமீட்டரால் 5 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளக்கவும். கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் எண் மெல்ல ஏறும், அது இயல்பு. ஓரிரு ஓம்களிலேயே நின்றுவிட்டால் எங்கோ சால்டர் பாலம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து மின்சாரம் கொடுத்து, காலியாக உள்ள ஒவ்வொரு சாக்கெட்டிலும் மின்கால்களை அளக்கவும். வெட்டுக்குறி மேல்முனையில் இருக்கும்படி வைத்து மேலிருந்து பார்க்கையில் அதற்கு இடப்பக்கம் உள்ளது 1ஆம் கால். அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ண வேண்டும். 74 என்று எண் தொடங்கும் லாஜிக் ஐசி வரிசையின் பெரும்பாலானவற்றில் 14 கால் என்றால் 14இல் 5 வோல்ட், 7இல் தரை. 16 கால் என்றால் 16உம் 8உம். 20 கால் என்றால் 20உம் 10உம். இசட்80இல் 11ஆம் கால் 5 வோல்ட், 29ஆம் கால் தரை. 65சி02இல் 8ஆம் கால் 5 வோல்ட், 21ஆம் கால் தரை. அளவு 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசிகளைச் செருகலாம். புதிய ஐசியின் கால்கள் சற்று வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேசையின் பரப்பில் ஒரு வரிசையை மெல்ல அழுத்தி நேராக்குங்கள். செருகிய பின் பக்கவாட்டிலிருந்து பார்த்து, எந்தக் காலும் உள்ளே மடங்கிக் கிடக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். 74எல்எஸ், 74எச்சி, 74எச்சிடி ஆகியவற்றை இருப்பதைக் கொண்டு மாற்றிப் போடவும் வேண்டாம். எல்எஸ் வகை 2.7 வோல்ட் வரைதான் உறுதியாக ஏறும்; எச்சி வகையோ 5 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 3.5 வோல்ட் வந்தால்தான் அதை உயர்நிலை என்று ஏற்கும். பெரும்பாலும் இயங்கி, சில நேரம் மட்டும் தவறும் பலகைகள் இப்படித்தான் உருவாகின்றன.

சீரியல் கேபிளில் ஒருவர் அனுப்பும் கால் மற்றவர் பெறும் காலோடு இணைய வேண்டும். வேகத்தைக் கையேடு சொல்லும். பல இசட்80 கிட்களில் 7.3728 மெகாஹெர்ட்ஸ் என்ற விந்தையான கிரிஸ்டல் இருப்பதற்குக் காரணமும் இதுவே: அதை 64ஆல் வகுத்தால் மீதமின்றி 115200 கிடைக்கிறது. உங்கள் வழக்கமான கணினியில் ஓடும் டெர்மினல் நிரலில் (சீரியல் வழியே எழுத்துகளை அனுப்பிப் பெறும் நிரல்) அந்த வேகம், 8 பிட், சமநிலை பிட் இல்லை, 1 நிறுத்த பிட் என்று வைத்துப் பலகையின் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் வேகம்தான் தவறு. கணினி உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மாற்றிப் பார்ப்பதே முதல் சோதனை.

அதற்கும் அசையவில்லை என்றால் வரிசையாகத் தேடுங்கள்: மின்சாரம், கிரிஸ்டல் துடிப்பு, ரீசெட் கால், பிறகு முகவரிக் கால்கள். ஒரு கால் உயர்நிலையா, தாழ்நிலையா, துடிக்கிறதா என்று காட்டும் மலிவான லாஜிக் ப்ரோப் ஒன்று இந்த இடத்தில் ஆஸிலோஸ்கோப்பின் வேலையில் பாதியைச் செய்துவிடும். 65சி02 பலகையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு. ரோம், ரேம் உட்பட டேட்டா தடங்களோடு இணைந்த மற்ற ஐசிகளைக் கழற்றிவிட்டு, எட்டு டேட்டா தடங்களையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக 5 வோல்ட்டுக்கோ தரைக்கோ இழுத்து 11101010 என்று வைக்க வேண்டும். அது எதையும் செய்யாதே என்ற கட்டளை. செயலி எங்கு படித்தாலும் அதையே காண்பதால் முகவரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும். 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் உச்ச முகவரிக் காலில் ரெசிஸ்டரோடு ஓர் எல்இடியை இணைத்தால் அது நொடிக்கு ஏழெட்டு முறை சிமிட்டும். அதைக் கண்டால் செயலி, கிரிஸ்டல், ரீசெட் மூன்றும் நலம். தவறு கழற்றிய ஐசிகளின் பக்கம்தான்.

விற்பனையாளருக்கு எழுதும்போது

இத்தனைக்குப் பிறகும் இயங்காவிட்டால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியை வைத்து யாராலும் உதவ முடியாது. பலகையின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து, பதிப்பு எண், நீங்கள் அளந்த மின்னழுத்தங்கள், எந்தப் படிவரை சரியாக இருந்தது, மாற்றிப் போட்ட உதிரி ஏதும் உண்டா என்பவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பலகையை வடிவமைத்தவரே படிப்பதால், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கால் என்று சொல்லிவிடுவது உண்டு. கையேட்டில் உங்களைத் தடுமாற வைத்த வரி ஏதேனும் இருந்தால் அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். அடுத்த தொகுதி அச்சாகும்போது அந்த வரி திருத்தப்பட்டிருக்கும்.